கால்சியக் கணக்கில் ஒரு தணிக்கைத் தடை

எங்கள் வீட்டில் எனக்கென்று இலாகா எதுவும் கிடையாது. பால் கார்டு, சிலிண்டர் பதிவு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்கிற முடிவு எல்லாம் என் மனைவி மங்களம் கையில். ஊர் ஊராகப் போய் அடுத்தவன் பேரேட்டில் ஓட்டை கண்டுபிடித்தே உத்தியோகக் காலத்தை ஓட்டிய ஒரு தணிக்கைக்காரன், ஓய்வு பெற்று உறையூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு எதைத் தணிக்கை செய்வான்? தினசரியில் இருக்கும் அச்சுப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட நாளில்தான் கால்சியம் இலாகா காலியாக இருப்பது தெரியவந்தது. யாரும் ஒப்படைக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

மங்களத்தின் அம்மா பின்கட்டில் சொம்பும் கையுமாகச் சறுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அப்புறம் எழுந்து நடக்கவே இல்லை. அம்மா வழி அது. மங்களத்துக்கு மாதவிடாய் சீக்கிரமே நின்றுவிட்டது. உடம்பும் ஒல்லி. மூன்றையும் கேட்டுக்கொண்ட டாக்டரம்மா, "எதுக்கும் ஒரு டெக்ஸா எடுத்துப் பார்த்துடுவோம்" என்றார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் அது. ஊசி கிடையாது, மருந்து கிடையாது. மேசையில் படுத்தால் இயந்திரத்தின் கை ஒன்று மேலே ஊர்ந்து போகிறது, சில நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. முடிவில் ஒரு காகிதம் தந்தார்கள். அதில் டி-ஸ்கோர் மைனஸ் 2.1 என்று இருந்தது.

மைனஸைக் கண்டதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த உத்தியோகஸ்தன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். டாக்டரம்மா விளக்கினார். மைனஸ் 1 வரைக்கும் கவலை இல்லை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் எலும்பின் அடர்த்தி குறைய ஆரம்பித்திருக்கிறது. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கோடு இது.

"மைனஸ்னா எதுலேருந்து மைனஸ்?" என்றாள் மங்களம். கேள்வி அவள் கேட்டதுதான், என்றாலும் பதில் சொல்லும் உரிமை இலாகா அமைச்சருக்கு. "முப்பது வயசு ஆரோக்கியமான பொண்ணோட எலும்பை அளவா வச்சுக்கிட்டு, அதுலேருந்து நீ எவ்வளவு கீழே இருக்கேன்னு பார்க்கிறாங்க" என்றேன்.

"முப்பது வயசுப் பொண்ணோட என்னை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையை இத்தனை நாளா நீங்க ஒருத்தர்தான் பண்றீங்கன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா திடீரென்று மேசை இழுப்பறையில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். தேடி முடித்துவிட்டு, "இப்போதைக்கு மருந்து வேணாம். சாப்பாடு, வெயில், நடை. மூணும் ஒழுங்கா இருந்தா கோட்டைத் தாண்டாமப் பார்த்துக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நீளநோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 'கால்சியம் வரவு செலவு' என்று எழுதினேன். எழுதும் முன் விஷயம் தெரிந்துகொள்ள வேண்டுமே. படித்தேன். படிக்கப் படிக்க, நான் வேலை பார்த்த காலத்தில் எந்த நகராட்சியிலும் காணாத ஊழல் ஒவ்வொரு மனித எலும்புக்குள்ளும் நடந்துகொண்டிருப்பது புரிந்தது.

எலும்பு என்றால் கல்யாணத்தன்று கட்டிய சுவர், அப்படியே நிற்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. எங்கள் தெரு ரோடு மாதிரி அதை ஓயாமல் தோண்டுகிறார்கள், ஓயாமல் போடுகிறார்கள். பழைய எலும்பைக் கரைத்துத் தோண்டுவதற்கு ஒரு வகை செல். தோண்டின பள்ளத்தில் புதுசு கட்டுவதற்கு இன்னொரு வகை. வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுசாகிறது. முப்பது வயது வரைக்கும் போடுகிறவர்கள் கை ஓங்கியிருக்கும். அதற்கப்புறம் தோண்டுகிறவர்கள் காலை எட்டு மணிக்கே கடப்பாரையோடு ஆஜர், போடுகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு மேல் வருகிறார்கள். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்கிற மேற்பார்வையாளர் இருக்கும்வரை தோண்டுகிற கோஷ்டி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மாதவிடாய் நிற்கும்போது மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுவிடுகிறார். அதற்கடுத்த ஐந்தாறு வருஷத்தில் சிலருக்கு எலும்பில் 20 சதவீதம் வரைக்கும்கூடக் காணாமல் போகலாம்.

இன்னொரு மோசடி. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி 1 சதவீதம் இரத்தத்திலும் திசுக்களிலும் ஓடுகிறது. அந்தச் சிறு தொகையில் குறை வந்தால் இதயம் துடிப்பதில் பிசகு வரும், தசை இழுத்துக்கொள்ளும். அதனால் இரத்தத்தில் குறையும்போதெல்லாம் பாராதைராய்டு சுரப்பி உத்தரவு போடுகிறது. எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தில் கட்டிவிடுகிறார்கள். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது, எடுத்தது எடுத்தவனுக்கே தெரியாது. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். நிலுவையெல்லாம் எலும்பில்.

அடுத்து, பட்ஜெட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வயதுவந்தவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. அதற்கு முந்தின 2010 பரிந்துரையில் வயதுவந்தவர்களுக்கு வெறும் 600தான். பத்தே வருஷத்தில் திருத்திய மதிப்பீடு இவ்வளவு ஏறினால் நாங்கள் விளக்கம் கேட்போம். இதில் கேட்க ஆளில்லை.

எந்த உணவில் எவ்வளவு என்பதற்கும் அட்டவணை இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போடுகிறது. அந்த நிறுவனமே 1918-இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் தொடங்கிய சின்ன ஆராய்ச்சிக்கூடமாக இருந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனதுதான். நீலகிரிக் குளிரில் ஆரம்பித்த கணக்கு என்று தெரிந்ததும் எனக்கு அதன்மேல் தனி வாஞ்சை வந்துவிட்டது. அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து, கால்சியம் பத்தியில் பெரிய எண்களைச் சிவப்பில் சுழித்தேன்.

எள்ளு, 100 கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல். அகத்திக்கீரை, கிட்டத்தட்ட ஆயிரம். கறிவேப்பிலை, அறுநூறுக்கு மேல். கேழ்வரகு 350 சொச்சம். முருங்கைக்கீரை 300-க்கு மேல். பசும்பாலோ 100 மில்லிக்கு 120தான். பாலையா இத்தனை காலமாகப் பெரிய மனுஷனாக நடத்திக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே காந்தி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ கறுப்பு எள், இரண்டு கட்டு அகத்திக்கீரை, கறிவேப்பிலை ஒரு மிலாறு முழுசாக வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன்.

மங்களம் எள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாருக்குத் திவசம்?"

"உனக்குக் கால்சியம். நாளைக்கு 100 கிராம் எள்ளு சாப்பிட்டா போதும், மத்ததே வேணாம்."

"100 கிராம் எள்ளை ஒரே நாள்ல நான் தின்னா, எங்க தாத்தா பாட்டி எல்லாரும் தங்களுக்குத்தான் இறைச்சதுன்னு இறங்கி வந்துடுவாங்க. நீங்க இலை போட்டு உட்கார வைங்க."

அவள் சொன்னபோதுதான் அட்டவணையின் சூட்சுமம் உறைத்தது. எல்லா எண்ணும் 100 கிராமுக்கு. 100 கிராம் கறிவேப்பிலை என்பது ஒரு குடும்பத்துக்கு வாரக்கணக்கில் தாளிக்க ஆகும். நாம் சாப்பிடுவது ஆறு இலை. அதையும் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற சாமர்த்தியத்தைப் பிறந்த குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எள்ளுப்பொடி இட்லிக்குத் தொட்டுக்கொண்டால் ஒரு கரண்டி, பத்து கிராம். அதில் 120 மில்லிகிராம் வரலாம். பாலில் எண் சின்னது, ஆனால் ஒரு டம்ளர் மடக்கென்று இறங்கிவிடும், 240 மில்லிகிராம் வரவு.

அதோடு, எழுதினதெல்லாம் வசூல் ஆவதுமில்லை. பாலக் கீரையில் கால்சியம் ஏட்டில் இருக்கிறது. கூடவே ஆக்ஸாலிக் அமிலம் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதால் உடம்புக்குள் போவது சுமார் 5 சதவீதம். பாலில் 30 சதவீதம் போகிறது. பாலக்கில் இருக்கும் கால்சியத்தை எங்கள் பாஷையில் வாராக்கடன் என்போம்.

அகத்திக்கீரையைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதவில்லை. கசப்பு இன்னும் போகவில்லை.

அடுத்த ஐட்டம் பிரண்டை. எலும்பு முறிந்தவர்களுக்குப் பிரண்டை வைத்துக் கட்டுவதும், துவையலாகக் கொடுப்பதும் நம் ஊரில் காலங்காலமாக உண்டு. எதிர்வீட்டு வேலியில் அது காடாகப் படர்ந்து கிடக்கிறது. காசில்லாத கால்சியம். ஓய்வூதியக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? மங்களம் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கைக்கு அகப்பட்டதில் நல்ல தடித்த தண்டாக, நாலு பட்டையும் கூராக நிற்கிற முற்றின பிரண்டையாகத் தேர்ந்தெடுத்து முறித்து வந்தேன். பெரிசாக இருந்தால் கால்சியமும் பெரிசாக இருக்கும் என்பது என் கணிப்பு. முற்றத்தில் உட்கார்ந்து, வெறுங்கையால் கணுவைக் கிள்ளி, நாரை உரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு. அப்புறம் உள்ளங்கை. கையைத் தேய்த்துக்கொண்டேன், புறங்கைக்கும் பரவியது. நெற்றி வியர்வையைத் துடைத்தேன்; நெற்றிக்கும். பிரண்டைக்குள்ளும் அதே ஆக்ஸாலிக் பரம்பரைதான், ஊசி ஊசியான படிகங்களாக. பாலக்கில் உட்கார்ந்துகொண்டு வசூலைத் தடுத்தவன், இங்கே நேரடியாகத் தாக்குகிறான். நான் முற்றத்தில் கையை உதறி ஆடுவதை ஊஞ்சலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏண்டா, பிரண்டையை யாராவது கையில எண்ணெய் தடவாம உரிப்பாங்களா? அதுவும் முத்தலை? நுனிக்கொழுந்தா ரெண்டு கணு கிள்ளணும். நல்லெண்ணெயில நல்லா வதக்கணும், பச்சை நிறம் போற வரைக்கும். புளி தாராளமா வைக்கணும். உளுந்தும் மிளகாயும் வறுத்து வச்சு அரைக்கணும். இல்லேன்னா நாக்கு, தொண்டை எல்லாம் இதே ஆட்டம் ஆடும்."

கோவிலிலிருந்து திரும்பிய மங்களம், நெற்றி முதல் முழங்கை வரை நல்லெண்ணெய் வழிய நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னைக்கு சனிக்கிழமைகூட இல்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு கைப்பிடித் துவையலில் நாளைய 1200-க்கு எவ்வளவு வரும் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பிரண்டை ருசிக்கும் பசிக்கும் நல்லது. அதை நம்பி இலாகா நடத்த முடியாது.

கேழ்வரகில்தான் எனக்கு உண்மையான வெற்றி. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே என்பார்கள். நெய் வடியாது, கால்சியம் வடிகிறது. தானியங்களில் அதற்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை, அரிசி பத்தில் ஒரு பங்குகூட வராது, கோதுமை சுமார் பத்தில் ஒரு பங்குதான். இதிலும் ஒரு பிடிப்பு உண்டு: ஃபைட்டிக் அமிலம். அதற்கு மருந்து நம் பழைய சமையலிலேயே இருக்கிறது. ஊறவைத்து முளைகட்டினாலோ, ராத்திரியே கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினாலோ அந்தப் பிடி தளர்ந்துவிடும். முளைகட்டிய மாவு என்று ஆறு மடங்கு விலையில் டப்பாவில் விற்பதை வாங்கப் போனவனை மங்களம் தடுத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடும் வேலையை எனக்கே கொடுத்தாள். மறுநாள் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. நான் உருவாக்கிய எதுவும் அதுவரை முளைத்ததில்லை என்பதால் அக்கம்பக்கத்தை அழைத்துக் காட்டினேன்.

களி கிண்டுவது வேறு வித்தை. நொய் வெந்த கஞ்சியில் மாவைக் கொட்டி, துடுப்பைப் பிடித்து, சட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு கிண்ட வேண்டும் என்றாள் அம்மா. கேஸ் அடுப்பு மேடையில் காலை எங்கே வைப்பது? கையாலேயே கிண்டினேன். வெளியே களி, உள்ளே மாவுக் கட்டி. அதைத் தட்டில் வாங்கிய மங்களம், ஒவ்வொரு கட்டியாக உடைத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கால்சியம் பத்திரமாக இருக்கிறது என்றாள்.

நாளைக்குரிய 1200-ஐக் காலையிலேயே கட்டி ரசீது வாங்கிவிடலாமே என்றும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். உடம்பு ஒத்துக்கொள்ளாது. ஒரு வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் உறிஞ்சும் விகிதம் குறைந்துவிடும். தவணை முறைதான். காலையில் கேழ்வரகு, மதியம் தயிரும் முருங்கைக்கீரையும், சாயங்காலம் எள்ளுருண்டை, இரவில் பால். இதில் பருப்பு, சுண்டல், முட்டை என்று புரதமும் சேர வேண்டும். எலும்பின் கன அளவில் ஏறக்குறையப் பாதி புரதம் என்பது எனக்கே புதிய செய்தி. கால்சியம் வெறும் செங்கல்தான் போலிருக்கிறது.

இந்தச் செங்கலையெல்லாம் குடலிலிருந்து உள்ளே தூக்கிப்போட வைட்டமின் டி வேண்டும். அது உணவில் சொற்பம், வெயிலில் ஏராளம். திருச்சியில் வெயிலுக்குப் பஞ்சமா? பஞ்சமில்லை. நாம்தான் அதன் கண்ணில் படுவதில்லை. காலை ஆறரை மணி இளவெயிலில் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்ததையெல்லாம் நான் வைட்டமின் கணக்கில் வரவு வைத்திருந்தேன். அது செல்லாது. தோலில் வைட்டமின் டி தயாரிக்கும் புற ஊதாக் கதிர், சூரியன் உச்சிக்கு வரும் வேளையில்தான் போதுமான அளவு தரைக்கு வருகிறது. ஏறத்தாழ 11 மணியிலிருந்து 2 மணி வரை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழுந்தால் சரியான நேரம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் செல்லாது, அந்தக் கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும்.

கோடையில் மங்களம் மொட்டைமாடியில் கூழ்வத்தல் பிழிகிற நாட்களில், காக்காய்க்குக் காவல் இருக்க ஆள் தேவைப்பட்டது. இருவருக்கும் வைட்டமின், வத்தலுக்குப் பாதுகாப்பு, ஒரே செலவில் இரண்டு வேலை என்று நானே முன்வந்தேன். முகமும் கையும் வெயிலில் படும்படி பதினைந்து இருபது நிமிஷம் போதும், தோல் கருகும்வரை இருக்கத் தேவையில்லை. பதினொன்றரை மணிக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெயில் தாங்காமல் குடையை விரித்து, அதன் கீழே உட்கார்ந்து காக்காய் விரட்டினேன். பிழிந்து முடித்துக் கீழே இறங்கிய மங்களம், போகிற போக்கில் குடையைப் பார்த்து, "பாவம், அதுக்கு எலும்பெல்லாம் கம்பி. அதுக்கு வைட்டமின் வேண்டியதுதான்" என்றாள்.

நடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எலும்பு, சுமை விழுந்தால்தான் தன்னைக் கட்டிக்கொள்ளும். எடையே தெரியாத விண்வெளியில் வீரர்களுக்கு இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் கரைகிறது. என் வீட்டு மனையாட்டிக்குச் சுமைக்குக் குறைவில்லை, என்னைத்தான் தினமும் சுமக்கிறாள் என்று டாக்டரம்மாவிடம் ஜோக் அடித்தேன். இருவரும் சிரிக்கவில்லை.

அடுத்து நோட்டில் 'ஒழுக்குகள்' என்று தலைப்பு. ஒழுக்கில் முதலாவது உப்பு. உப்பை வெளியேற்றும்போது சிறுநீரகம் கால்சியத்தையும் சேர்த்து அனுப்பிவிடுகிறது. சுமார் 6 கிராம் உப்புக்கு 40 மில்லிகிராம் கால்சியம் சிறுநீரில் போகிறது என்பது ஆராய்ச்சிக் கணக்கு. 40 தானே என்று நினைக்கக்கூடாது. உள்ளே போகிற கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு சேர்வதே அதிகம். அந்த நாற்பதை ஈடுகட்ட ஒரு டம்ளர் பாலில் பாதிக்கு மேல் வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது. எனக்கு அப்பளம், மோர்மிளகாய், உப்பு நார்த்தங்காய் மூன்றும் இல்லாவிட்டால் இலையில் யாரோ பாதியில் எழுந்து போன மாதிரி தோன்றும். நெத்திலிக் கருவாடு இன்னும் தர்மசங்கடம். முள்ளோடு மென்று தின்பதால் கால்சியம் வரவு. உப்புக்கண்டம் போட்டதால் கால்சியம் செலவு. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குகிறது. பச்சை நெத்திலி வாங்கினால் சிக்கலில்லை என்று மங்களம் சொல்லி, கருவாட்டுக் கடைப் பக்கம் என்னைத் தனியாக அனுப்புவதை நிறுத்தினாள். காப்பி, பயந்த அளவுக்குக் குற்றவாளி இல்லை. ஒரு கப்புக்குச் சில மில்லிகிராம் போகிறது, அதில் ஊற்றுகிற பாலே அதை ஈடுகட்டிவிடும்.

பாலே ஈடுகட்டிவிடும் என்று எழுதிய கையோடு, யார் காப்பியில் எவ்வளவு பால் என்று பத்தி பிரிக்க வேண்டும் என்று தோன்றியது. தணிக்கைக்காரனின் புத்தி. வரவு தெரிந்தால் போதாது, பட்டுவாடா தெரிய வேண்டும். வீட்டுக்கு நாளொன்றுக்கு வருவது ஒரு லிட்டர் பால். 1200 மில்லிகிராம் கால்சியம். மூன்று பேர் பெயரில் மூன்று பத்தி போட்டு, அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

காலையில் காய்ச்சின முதல் பால், முதல் டிகாக்ஷன், எனக்கு. பேப்பர் படித்து முடித்ததும் இரண்டாவது காப்பி, எனக்கு. அம்மாவுக்கு அரை டம்ளர் பால் பனங்கற்கண்டு போட்டு. எல்லாம் ஆனபிறகு மங்களம், பால் பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஆடையை வெந்நீர் விட்டு அலம்பி, இரண்டாம் டிகாக்ஷனில் ஊற்றிக் குடித்தாள். மதியம், கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிர் என் இலையில். அம்மாவுக்குக் குழைந்த சாதத்தில் பிசைந்து கொஞ்சம். தயிர்ச் சட்டியில் தண்ணீர் விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி, உப்பும் கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டு, மோர் என்ற பெயரில் மங்களம் சாதத்தில் ஊற்றிக்கொண்டாள். "எனக்கு மோர்தாங்க ஒத்துக்கும்" என்று அவள் சொல்லிவருவதை நான் ருசிபேதம் என்று நம்பியிருந்தேன். மூன்று மணிக் காப்பி, எனக்கு. ராத்திரி மஞ்சள் போட்டு ஒரு டம்ளர் பால், நெஞ்சு சளிக்கு, எனக்கு. சளி பிடித்து எத்தனையோ வருஷமாகிறது, பால் நிற்கவில்லை.

கூட்டிப் பார்த்தேன். மறுபடி கூட்டினேன். கூட்டல் பிழை இருக்க வேண்டும் என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டேன். முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக என் பத்தியில். நூறு மில்லி தேறுமா தேறாதா என்று மங்களம் பத்தியில். மைனஸ் 2.1-க்கு வெளியூரில் காரணம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, பயனாளிகள் பட்டியலில் தகுதியற்றவர் பெயர் முதலிடத்தில் கிடைத்தது. இப்படிப்பட்ட பட்டியலை வேறெந்த ஊரில் பார்த்திருந்தாலும் மூன்று பக்கத்துக்குத் தடை எழுதி, தொகையை வசூலிக்கப் பரிந்துரை செய்திருப்பேன். முக்கால் லிட்டர் வீதம், கல்யாணமான தேதியிலிருந்து.

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்குக் கூன் விழுந்து, முன்பு எட்டி எடுத்த அலமாரித் தட்டுக்கு இப்போது ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது. முதுகெலும்பு உள்ளுக்குள்ளேயே நசுங்கினால் உயரம் குறையும் என்று படித்திருந்தேன். ஆட்டுக்கல், அம்மி, குடம், கேப்பைக் கூழ், வெயில் எல்லாம் இருந்தும் ஏன்? "மாடு இருந்துச்சு. பால் கடைக்குப் போயிடும். மிச்சத்துல தயிர் உங்கப்பாவுக்கு, பால் உங்க அஞ்சு பேருக்கு. அஞ்சு பேருக்கும் நான்தான் பால் கொடுத்தேன். எனக்கு யாரு கொடுத்தா?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். "அதான் தினம் சுண்ணாம்பு சாப்பிடறேனே, அது கால்சியம்தானே?" என்று எதிர்க்கேள்வி வேறு. கால்சியம்தான். ஆனால் உள்ளே மடிக்கிற பாக்கை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய்க் காரணிகளில் முதல் பிரிவில் வைத்திருக்கிறது என்றேன். "அவங்க எப்ப வச்சாங்க?" 2004 என்றேன். "நான் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்" என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

அறிக்கையை மங்களத்திடம் சமர்ப்பித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பத்தியையும் பார்த்தாள். "இதுக்கு ஒரு நோட்டு, ஒரு ஸ்டூல், நாள் பூரா அடுக்களை வாசல்ல காவலா? என்னைக் கேட்டிருந்தா வாயாலயே சொல்லியிருப்பேன்."

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அன்று முதல் மறுபங்கீடு. முதல் காப்பி அவளுக்கு. கட்டித் தயிர் அவளுக்கு. ராத்திரிப் பால் அவளுக்கு, மஞ்சள் வேண்டாமாம். கேழ்வரகு அடையோ கூழோ ஐம்பது கிராம் மாவில் 175, ஒரு கிண்ணம் தயிரில் 200, முருங்கைக்கீரைப் பொரியலில் 150, எள்ளுப்பொடியில் 120, காப்பியும் பாலுமாக இரண்டு டம்ளரில் 480, சோறு பருப்பு காய் என்று சில்லறை நூறு. கூட்டினால் 1200-ஐத் தாண்டுகிறது. டப்பா வேண்டாம், பாதாம் வேண்டாம், எதிர்வீட்டு வேலி வேண்டாம். இதே வீட்டில், இதே பால் கார்டில், கூட அரை லிட்டர் மட்டும் போடச் சொன்னோம்.

அந்த அரை லிட்டர் எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். அம்மாவுக்கும் வயதுக்கேற்ற பங்கு வேண்டும் என்று மங்களம் அதை அந்தப் பத்தியில் எழுதிவிட்டாள். இப்போது பாத்திரம் அலம்பின காப்பி என்னுடையது. சட்டி சுழற்றின மோரும் என்னுடையது. அது உண்மையிலேயே நன்றாக இல்லை.

சும்மா இருப்பேனா? மேல்முறையீடு செய்தேன். ஐம்பது வயதுக்கு மேல் பெண்களில் மூவரில் ஒருவருக்கு எலும்புப்புரையால் முறிவு வருகிறது என்றால் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கு வருகிறது. எனக்கும் நாளைக்கு 1000 மில்லிகிராம் பாத்தியதை உண்டு. அந்த ஆயிரம் வரைக்கும் பரிந்துரையில் ஆண் பெண் வித்தியாசமில்லை. ஆகவே கட்டித் தயிரில் ஒரு கிண்ணம் மனுதாரருக்கு ஒதுக்க உத்தரவிட வேண்டும் என்று, மேற்படி நோட்டின் கடைசிப் பக்கத்தில் விவரமாக எழுதி, கையெழுத்திட்டு, அடுக்களை மேடையில் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நோட்டு திண்ணைக்குத் திரும்பி வந்தது. குறிப்புகள் என்ற பத்தியில், என்னுடைய சிவப்பு மையிலேயே, மங்களம் எழுதியிருந்தாள்: "மனு ஏற்கப்பட்டது. அப்பளமும் மோர்மிளகாயும் ஒப்படைத்த பின், களி கட்டியில்லாமல் கிண்டிக் காட்டினால், தயிர் வழங்கப்படும்."